நிழற்படக் கலைஞர் டிரைப்

புதுச்சேரி நகரில், கடற்கரையை அடுத்த வீதிகளில் காலை வேளையில் நடந்து செல்வோர் பல நிறங்களை ஒருங்கே காண்பர். பழைய பிரெஞ்சு மாளிகைகளின் சுவர்கள் மஞ்சள் வண்ணம் பூண்டு நிற்கும். மதிலின் உட்புறத்தில் செம்பருத்தி பூத்திருக்கும். வீதியின் கிழக்குக் கோடியில் கடல் நீலமாய் விரிந்து கிடக்கும்; அதன்மேல் வானமும் நீலமாய்க் கவிந்திருக்கும். இன்று ஒரு சிறுவன் கையில் உள்ள எளிய கருவியும் இந்நிறங்கள் அனைத்தையும் நொடிப்பொழுதில் பதித்துவிடும்.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு செய்தல் இயலாது. அக்காலத்து நிழற்படத் தாளில் இக்காட்சியைப் பதித்திருந்தால், மஞ்சள் சுவர் கருத்துத் தோன்றும். செம்பருத்தி கரும்புள்ளியாகிவிடும். நீல வானமோ ஒன்றும் எழுதாத வெண்மையான ஏடுபோல வெறுமையாய் நிற்கும். அத்தாளில் பூசப்பட்ட வெள்ளி உப்பு நீலம், ஊதா ஆகிய ஒளிகளையும், கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியையும் மட்டுமே உணரும். பச்சை அதற்கு அரைகுறையாகவே தெரியும்; மஞ்சளும் சிவப்பும் அறவே தெரியா. நிறங்கள் பலவற்றைக் காணமாட்டாத அந்தத் தாளைக்கொண்டு, தமிழகத்தின் கோயில்களையும் அரண்மனைகளையும் கோட்டைகளையும் அழகும் உண்மையும் கெடாமல் பதித்துச் சென்றவர் லின்னேயஸ் டிரைப் என்பவர்.

இளமை

டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குக் கரையில் உள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். போர்க் கப்பல்கள் கட்டப்படுவதற்கும் செப்பனிடப்படுவதற்கும் பேர்போன ஊர் அது. உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்த டிரைப், 1830-களின் இறுதியில், இளம் வயதிலேயே, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தார்.

ஏறத்தாழ அதே வேளையில்தான் ஐரோப்பாவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தாகேர் என்பவர் கண்டறிந்த நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் டால்பட் என்பவரும் தாம் கண்ட வேறொரு முறையை வெளியிட்டார். தாகேரின் முறையில் ஒரு காட்சிக்கு ஒரு படமே கிடைக்கும். டால்பட்டின் முறையிலோ, முதலில் ஒளியும் இருளும் இடம் மாறிய எதிர்ப்படிவம் ஒன்று தாளில் உண்டாகும். அந்த எதிர்ப்படிவத்தைக்கொண்டு வேண்டிய அளவு நேர்ப்படங்களை எடுத்துக்கொள்ளலாம். இவ்விரண்டாவது முறையே பிற்காலத்தில் டிரைப்பின் கைக்கு ஏற்ற கருவியாய் அமைந்தது.

கலையைக் கற்றல்

பத்தாண்டுகளுக்கு மேல் படையில் பணிபுரிந்த பின்னர், டிரைப் விடுப்பில் தாய்நாடு சென்றார். அவ்வாறு தங்கியிருந்த 1850-களின் தொடக்க ஆண்டுகளில்தான் அவர் நிழற்படக் கலையைக் கற்றார். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிழற்படக் கழகம் தோன்றியது. டிரைப்பும் அதில் உறுப்பினராய்ச் சேர்ந்தார். தம் ஊர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களே அவருடைய முதற் பாடங்களாயின.

அக்காலத்தில் ஒரு படம் எடுப்பது எளிய செயலன்று. நல்ல எழுதுதாளைத் தேர்ந்தெடுத்து, அதை அயோடின் சேர்ந்த உப்பு நீரில் தோய்த்து உலர்த்த வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்தால் அத்தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். அதைக் காமிராவினுள் வைத்துப் பல நிமிடங்கள் காட்சியை நோக்கித் திறந்து வைக்க வேண்டும். வெளியே எடுத்த பின் காலிக் அமிலத்தில் இட்டால் மறைந்திருந்த உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். இறுதியில் ஹைப்போ என்னும் உப்பு நீரில் இட்டு, எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கினால்தான் உருவம் நிலைத்து நிற்கும். இவற்றுள் ஒன்றில் பிழை நேரினும் முழு உழைப்பும் வீணாகும்.

இவ்வேலைகளுள் சில இருட்டறையில் நடைபெற வேண்டியவை. ஆயினும் முற்றிலும் இருளில் ஒருவர் எவ்வாறு வேலை செய்வது? இங்குத்தான் அந்தத் தாளின் குறைபாடே நன்மையாய் அமைந்தது. மஞ்சள் ஒளி தாளுக்குத் தெரியாதாகையால், நிழற்படக் கலைஞர்கள் சாளரத்தில் மஞ்சள் துணியையோ மஞ்சள் கண்ணாடியையோ பொருத்திக்கொண்டு, அவ்வொளியில் அச்சமின்றி வேலை செய்தனர். மனிதன் கண்ணுக்கு மஞ்சள் ஒளி வெளிச்சம். வெள்ளி உப்புக்கு அதுவே இருள். எந்த நிற ஒளி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிவதே அக்கலையின் முதற் படியாய் இருந்தது.

புதுச்சேரி அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. டிரைப்போ ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர். ஆயினும் பிரெஞ்சு நாட்டின் கொடை ஒன்று அவருக்கும் அவரைப் போன்றோர்க்கும் உதவிற்று. 1851-ஆம் ஆண்டளவில் பாரிஸில் வாழ்ந்த குஸ்தாவ் லெ கிரே என்னும் கலைஞர், தாளுக்கு முதலில் மெழுகு ஊட்டி, பின்னர் அதில் வெள்ளி உப்பைப் பதிக்கும் முறையைக் கண்டார். மெழுகேறிய தாள் கண்ணாடி போல ஒளியைத் தன்னூடே விடும். அதனால் படம் தெளிவாய் அமையும். மேலும், அத்தாளைச் சில நாட்களுக்கு முன்பே ஆயத்தம் செய்து பெட்டியில் எடுத்துச் செல்லலாம். நெடுந்தொலைவு பயணம் செய்வோர்க்கு இது பெரும் பேறாய் அமைந்தது. வெப்ப நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்பத் தாள் முறையைத் தாமே பலவாறு திருத்திப் பண்படுத்திக்கொண்டார் டிரைப்.

முதற் புகழ்

1854-ஆம் ஆண்டில் டிரைப் மீண்டும் இந்தியாவிற்கு வந்து பெங்களூரில் தங்கினார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் மைசூர் நாட்டில் உள்ள ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று, போசளர் காலத்துக் கோயில்களைப் படம் பிடித்தார். நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த அக்கோயில்களை ஓவியர் ஒருவர் வரைந்து முடிக்க ஆண்டுகள் பல ஆகும். டிரைப்பின் தாளிலோ அவை சில வாரங்களில் பதிந்தன. 1855-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் அப்படங்கள் வைக்கப்பட்டன. கண்டோர் வியந்தனர், டிரைப்புக்கு முதல்தரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் ஆங்கிலேய அரசு பர்மிய மன்னரிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பிற்று. அக்குழுவின் நிழற்படக் கலைஞராய் டிரைப் அமர்த்தப்பெற்றார். மழையும் நோயும் பல நாட்களைப் பறித்துக்கொண்டன. மருந்துப் பொருள்கள் வெப்பத்தில் கெட்டன. அவ்வாறிருந்தும் ஐராவதி ஆற்றங்கரை ஊர்களிலும் அமரபுரத் தலைநகரிலும் இருநூறுக்கு மேற்பட்ட எதிர்ப்படிவங்களை அவர் எடுத்தார். அவற்றுள் தேர்ந்தெடுத்த 120 காட்சிகள் பின்னர்த் தொகுப்பாய் வெளிவந்தன.

மாகாணத்தின் நிழற்படக் கலைஞர்

பழங்காலக் கட்டடங்களை ஓவியர் கொண்டு வரையச் செய்வதற்குப் பதிலாக நிழற்படமாய் எடுத்தல் நன்று என்று கம்பெனியின் இயக்குநர்கள் 1855-ஆம் ஆண்டிலேயே கருத்துத் தெரிவித்திருந்தனர். அதற்கிணங்க, 1856-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை அரசு டிரைப்பை மாகாணத்தின் நிழற்படக் கலைஞராய் அமர்த்திற்று. பழமையான கட்டடங்கள் அழிவதற்கு முன் அவற்றைப் பதித்து வைத்தல், நாட்டின் இயற்கைக் காட்சிகளையும் மக்களின் தொழில்களையும் அறிவதற்கு உதவுதல் ஆகியவை அவர்முன் வைக்கப்பட்ட நோக்கங்கள். ஆளவந்த அரசு தன் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டை அறிந்துகொள்ள விழைந்த முயற்சி இது. எனினும், தமிழ் மக்களுக்கு வழிபாட்டிடங்களாயும் முன்னோர் பெருமையாயும் விளங்கிய கோயில்களை ஒரு கலைஞனுக்குரிய மதிப்போடும் நேர்மையோடும் டிரைப் நோக்கினார் என்பதை அவருடைய படங்களே காட்டுகின்றன.

1857-ஆம் ஆண்டு வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி மூண்டிருந்த காலம். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் டிரைப் பெங்களூரினின்று தெற்கு நோக்கிப் புறப்பட்டார். காமிராவும், தாள்களும், அமிலக் குப்பிகளும், கண்ணாடித் தகடுகளும் மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டன. அந்நாளில் அப்பகுதிகளுக்கு இருப்புப்பாதை இல்லை. இராயக்கோட்டை மலைக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று அவருடைய பயணம் தொடர்ந்தது. 1858-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அவர் சென்னையை அடைந்தார். அங்கு அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் எடுத்தார்.

ஒளியே இப்பயணத்தில் அவருக்கு நண்பனும் பகைவனும் ஆயிற்று. உச்சிவேளையில் தமிழ்நாட்டுக் கதிரவன் கோபுரத்தின் ஒருபுறத்தைக் கண்கூச ஒளிரச் செய்வான். மறுபுறத்தையும் மண்டபத்தின் உட்புறத்தையும் காரிருளில் ஆழ்த்துவான். வெளிச்சத்திற்கு ஏற்ப நேரம் வைத்தால் நிழல் கருத்துவிடும். நிழலுக்கு ஏற்ப நேரம் வைத்தால் வெளிச்சம் வெளுத்துவிடும். ஆகவே எந்த வேளையில் எந்தப் பக்கத்தில் ஒளி விழுகிறது என்று காத்திருந்து காண்பதே அவருடைய பணியின் பெரும்பகுதியாயிற்று. மக்கள் நடமாட்டமோ காற்றில் ஆடும் இலையோ நிலைத்த உருவம் பெறாமல் மங்கி மறையும். இதனால் அவருடைய படங்களிற் பெரும்பாலானவை ஆளரவமற்ற அமைதியோடு தோன்றுகின்றன.

மதுரையில்

மதுரையில் டிரைப் எடுத்த படங்கள் பல தொகுதிகளாய் வெளியிடத்தக்க அளவு பெருகின. மீனாட்சியம்மன் கோயிற் கோபுரங்கள், புதுமண்டபத்துத் தூண்கள், வண்டியூர்த் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் அரண்மனை ஆகியவை அவற்றுள் சிறந்தவை. ஆட்சித்தலைவராய் இருந்த பிளாக்பர்ன் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டு, இன்று விளக்குத்தூண் என்று வழங்கப்படும் கம்பத்தையும் அவர் விட்டுவிடவில்லை.

நாயக்கர் அரண்மனை 1636-ஆம் ஆண்டில் எழுந்தது. டிரைப் அங்குச் சென்றபோது அதன் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. எஞ்சிய தூண்களும் வளைவுகளும் சிதைவுற்றிருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின், நேப்பியர் பிரபு ஆளுநராய் இருந்த காலத்தில்தான் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. செப்பனிடப்பட்ட ஒரு கட்டடம் அதற்கு முன் எவ்வாறு இருந்தது என்பதை எழுத்தால் முழுதும் விளக்குதல் அரிது. டிரைப்பின் படங்களோ அதைக் கண்முன் நிறுத்துகின்றன. உடைந்த வளைவின் விளிம்பும், உதிர்ந்த சுதையின் வடுவும் அவற்றில் உள்ளவாறே பதிந்துள்ளன.

தூரிகையும் உண்மையும்

கட்டடத்தைப் பதிப்பதில் வெற்றி பெற்ற டிரைப்புக்கு வானம் பெருந்தடையாய் நின்றது. நீல வானமும் அதில் மிதக்கும் வெண்மேகமும் நம் கண்ணுக்கு வேறு வேறாய்த் தோன்றும். வெள்ளி உப்பு பூசிய தாளுக்கோ நீலமும் வெண்மையும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் மிகுந்த ஒளியாகவே அதில் படும். ஆதலின் மேகம் எங்கே, வானம் எங்கே என்று பிரித்தறிய இயலாதவாறு எல்லாம் வெறும் வெண்மையாகிவிடும். மரங்களின் நிலையோ இதற்கு மாறானது. பச்சை ஒளியைத் தாள் நன்கு உணராமையால் தென்னையும் மாவும் உருவம் தெரியாத கருந்திரளாய் நின்றன. வானம் முழுதும் வெண்மை, மரம் முழுதும் கருமை என்னும் இந்நிலை காட்சியின் இயல்புக்கு முரணானது.

டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். எதிர்ப்படிவத் தாளின்மேல் நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டினார். எதிர்ப்படிவத்தில் வண்ணம் பட்ட இடம் ஒளியைத் தடுக்கும். அதனால் நேர்ப்படத்தில் அவ்விடம் வெளுத்துத் தோன்றும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி, அவர் வானத்தில் மேகங்களை மென்மையாய் எழுப்பினார். மரக்கிளைகளின்மேல் விழும் ஒளியைச் சிறு சிறு தீற்றல்களால் காட்டினார். நீர்ப்பரப்பிற்குப் பளபளப்பு ஊட்டினார். அவருடைய கைத்திறன் எத்துணை நுட்பமானது எனின், படத்தைக் காண்போர்க்குத் தூரிகை தொட்ட இடம் எளிதில் புலப்படாது.

இவ்வாறு செய்தது முறையா என்று வினவுவோர் இருக்கலாம். நிழற்படம் உள்ளதை உள்ளவாறு காட்ட வேண்டியது. அதில் கையால் தீட்டுவது பொய்யன்றோ என்று அவர்கள் கேட்கலாம். இவ்வினாவிற்கு டிரைப்பின் படங்களிலேயே விடை உண்டு. அவர் கோபுரத்தின் வடிவத்தை மாற்றவில்லை. இடிந்த சுவரை எடுப்பாய்க் காட்டவும் இல்லை. சிதைந்த சிற்பத்திற்கு உறுப்புச் சேர்க்கவும் இல்லை. வானம், இலை, நீர் ஆகிய மூன்றிடங்களிலேயே அவருடைய தூரிகை பெரிதும் சென்றது. அவை தாளின் குருட்டுத்தன்மையால் உண்மை இழந்த இடங்கள். எனினும், அவர் தீட்டிய மேகம் அந்நாளில் அவ்விடத்தில் நின்ற அதே மேகம் என்று எவரும் கூற இயலாது. சான்றாய்க் கொள்ளத்தக்க பகுதி எது, அழகுக்காகச் சேர்த்த பகுதி எது என்று பிரித்தறியும் கடமை படத்தைப் பார்ப்போர்க்கும் உண்டு. கலைஞன் தன் கருவியின் குறையை நன்கறிந்து, அக்குறை உள்ள இடத்தில் மட்டும் கைவைத்தமையால்தான் அவர் படங்கள் கலையாயும் வரலாற்றுச் சான்றாயும் ஒருங்கே விளங்குகின்றன.

பெரிய கோயிலின் எழுத்துகள்

தஞ்சையில் டிரைப் செய்த பணி அவருடைய வாழ்நாட் செயல்களுள் தலைசிறந்தது. இராசராச சோழன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் வரிவரியாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. மன்னன் அளித்த கொடைகளும், கோயிற் பணியாளர்களின் விவரங்களும் அவற்றில் அடங்கியுள்ளன. 1858-ஆம் ஆண்டில் அவ்வெழுத்துகளின் பொருள் ஆராய்ச்சியாளரால் முழுவதும் வெளியிடப்படவில்லை. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அவற்றைப் படித்துப் பதிப்பித்தது 1890-களிலும் அதன் பின்னரும் ஆகும்.

கல்வெட்டு நீளமானது, காமிரா காணும் பரப்போ சிறியது. தொலைவில் நின்று எடுத்தால் எழுத்துத் தெரியாது. அருகில் நின்று எடுத்தால் ஒரு பகுதியே அடங்கும். ஆதலின் டிரைப் சுவருக்கு இணையாய்க் காமிராவை நகர்த்தி நகர்த்தி, அடுத்தடுத்த பகுதிகளைத் தனித்தனித் தாள்களில் பதித்தார். ஒரு தாளின் விளிம்பில் முடிந்த எழுத்து அடுத்த தாளின் விளிம்பில் இடைவெளியின்றித் தொடர வேண்டும். எழுத்துகளின் அளவு ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் போகலாகாது. ஒளியும் எல்லாத் தாள்களிலும் ஒத்திருக்க வேண்டும். கதிரவன் நகர்ந்துகொண்டே இருக்கும் வெட்டவெளியில், ஒவ்வொரு தாளுக்கும் பல நிமிடங்கள் வேண்டிய அந்நாளில், இஃது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முடிவில் 21 படங்களை ஒன்றாய் இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளை அவர் உருவாக்கினார். அவ்வெழுத்துகளைப் படிக்க வல்லார் பின்னொரு நாள் வருவர் என்ற நம்பிக்கையோடு செய்த பணிபோல அது விளங்குகிறது.

பணி நின்றமை

பயணம் முடிந்ததும் பெங்களூரில் அச்சிடும் வேலை தொடங்கிற்று. அக்காலத்துப் படங்களைப் பெரிதாக்கும் வழக்கம் பரவவில்லை. எதிர்ப்படிவத்தை மற்றொரு ஒளியுணர் தாளின்மேல் நேராக வைத்து வெயிலில் காட்டியே நேர்ப்படம் எடுத்தனர். ஆகவே எதிர்ப்படிவம் எவ்வளவு பெரிதோ நேர்ப்படமும் அவ்வளவே பெரிது. வெயில் குன்றிய நாளில் வேலை நின்றுவிடும். ஒரு காட்சிக்குப் பல படிகள் வீதம், ஆயிரக்கணக்கான படங்களைத் தம் உதவியாளர்களோடு டிரைப் இவ்வாறு ஆயத்தம் செய்தார். மதுரை, தஞ்சாவூர், திருவையாறு, புதுக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, இராயக்கோட்டை ஆகிய ஊர்களின் காட்சிகள் 1858-ஆம் ஆண்டையொட்டித் தனித்தனித் தொகுதிகளாய் உருப்பெற்றன.

இதற்கிடையில் ஆட்சி மாறிற்று. 1858-ஆம் ஆண்டில் கம்பெனியின் ஆட்சி முடிவுற்று, இந்தியா ஆங்கிலேய முடியரசின் நேர் ஆட்சியின்கீழ் வந்தது. கிளர்ச்சியை அடக்குவதில் அரசின் கருவூலம் வறண்டிருந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராய் வந்த டிரெவெலியன், செலவுகளைக் குறைக்க முற்பட்டார். நிழற்படப் பணி பொருள்நிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று அவர் கருதினார். பணியை நிறுத்துமாறு ஆணை பிறந்தது. டிரைப் எடுக்க எண்ணியிருந்த எத்தனையோ ஊர்கள் எடுக்கப்படாமலே நின்றன. 1860-ஆம் ஆண்டோடு அவருடைய நிழற்பட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது எனலாம். அப்போது அவருக்கு வயது 38.

ஆளுநரின் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. வறண்ட கருவூலத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஆனால் ஒன்றின் விலையை அறிவது வேறு, அதன் மதிப்பை அறிவது வேறு. அன்று எடுக்கப்படாத படங்களைப் பின்னர் எத்துணைப் பொருள் கொடுத்தும் எவராலும் பெற முடியவில்லை. காலம் ஒரு கட்டடத்தின்மேல் தன் கையை வைத்த பிறகு, அதன் முந்தைய தோற்றத்தை மீட்டுத்தரும் ஆற்றல் எந்தக் கருவிக்கும் இல்லை.

டிரைப் மீண்டும் படைப்பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் பர்மாவில் பணிபுரிந்தபோது சிற்சில படங்கள் எடுத்ததன்றி, அவர் காமிராவைப் பெரிதும் நாடவில்லை. 1870-களில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1902-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் பிறந்த டெவன்போர்ட்டிலேயே உயிர் நீத்தார்.

நிறங்கள் வந்த வழி

டிரைப் காமிராவைக் கீழே வைத்த காலத்தில் வேறொருவர் நிறங்களைப் பிடிக்க முற்பட்டார். அறிவியலறிஞர் மாக்ஸ்வெல் 1861-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் ஒரு செய்முறையை நிகழ்த்திக் காட்டினார். பலநிற நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களையுடைய வடிகட்டிகளின் வழியே தனித்தனியாய்ப் படம் எடுக்கச் செய்து, அப்படங்களை அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாய் வீழ்த்தினார். திரையில் நாடா தன் நிறங்களோடு தோன்றிற்று. மூன்று நிற ஒளிகளின் கலப்பால் மற்ற நிறங்களை உண்டாக்கலாம் என்னும் உண்மை இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் சிவப்பை உணராத அக்காலத் தகட்டில் சிவப்பு எவ்வாறு பதிந்தது என்பது நெடுநாள் புதிராய் இருந்தது. நாடாவின் சிவப்புப் பகுதி புறஊதா ஒளியையும் வீசியது, அவ்வொளியே வடிகட்டியைக் கடந்து தகட்டில் பதிந்தது என்று நூறாண்டு கழித்துத்தான் அறிந்தனர்.

1873-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் போகல், வெள்ளி உப்போடு சில சாயங்களைக் கலந்தால் அது பச்சையையும் பிற நிறங்களையும் உணரத் தொடங்கும் என்று கண்டறிந்தார். தாளின் குருடு அதன்பின் சிறிது சிறிதாய் நீங்கிற்று. பிரெஞ்சு நாட்டு லூமியேர் உடன்பிறப்பாளர், செம்மஞ்சள், பச்சை, ஊதா நிறங்கள் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, 1907-ஆம் ஆண்டில் நிறப்படத் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று எளிய கருவியும் எல்லா நிறங்களையும் பதிப்பதற்கு இவர்கள் இட்ட வழியே காரணம்.

படங்களின் வாழ்வு

டிரைப்பின் தொகுதிகள் நெடுங்காலம் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் அமைதியாய் உறங்கின. பிற்காலத்தில் அறிஞர்கள் அவற்றின் அருமையை உணர்ந்தனர். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய மாநகரங்களில் அவருடைய படங்களைக்கொண்டு தனிக் கண்காட்சி நடைபெற்றது. மதுரை அரண்மனையின் பழைய தோற்றத்தையும், தஞ்சைக் கல்வெட்டின் அன்றைய நிலையையும் கடல்கடந்த நாட்டினரும் கண்டு வியந்தனர். அன்று ஆடம்பரம் என்று கருதப்பட்டது, இன்று தமிழக வரலாற்றிற்கு ஒரு செல்வமாயிற்று.

சிறந்த கருவி கிடைத்தால்தான் சிறந்த பணி செய்ய இயலும் என்று எண்ணி வாளாவிருப்போர் பலர். டிரைப்புக்குக் கிடைத்த கருவி குறை நிறைந்தது. அது மஞ்சளை அறியாது, சிவப்பை அறியாது, மேகத்தை அறியாது, அசையும் இலையை அறியாது. அவரோ அதன் குறைகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து தெரிந்துகொண்டார். ஒரு குறையை இருட்டறையின் விளக்காய் மாற்றினார். மற்றொன்றைத் தூரிகையால் நிரப்பினார். நிரப்பலாகாத இடத்தில் கைவைக்காமல் விட்டார். செய்யத்தக்கது இது, செய்யத்தகாதது இது என்னும் அந்தத் தெளிவே அவருடைய படங்களுக்கு நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்தும் உயிர் தந்து நிற்கிறது.